அரசர் சாலை (பின்லாந்து)

அரசர் சாலை என்பது பின்லாந்தின் தென்கடற்கரையை ஒட்டி, மேற்கே துர்க்கு நகரையும் கிழக்கே வீபுரி நகரையும் இணைத்த பழைய நெடுஞ்சாலை ஆகும். பின்னிய மொழியில் இது குனிங்காந்தியே என்றும், சுவீடிய மொழியில் குங்ஸ்வேகென் என்றும் அழைக்கப்படுகிறது. பெரும் கரையோரச் சாலை என்ற பொருள் தரும் பெயர்களும் இரு மொழிகளிலும் உண்டு. 14 ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற இச்சாலை, சுவீடன் இராச்சியத்தின் கிழக்கு மாகாணமாகப் பின்லாந்து இருந்த காலத்தில் அதன் முதன்மையான தரைவழியாக விளங்கியது. சாலையின் நீளம் 400 கி.மீ.க்குச் சற்று அதிகம். இன்று அதன் கிழக்குக் கோடியான வீபுரி ரஷ்யாவில் உள்ளது. 2023 ஆம் ஆண்டின் இறுதியில் பின்லாந்து தன் கிழக்கு எல்லையை மூடியதை அடுத்து, சாலையின் இரு கோடிகளுக்கும் இடையேயான தொடர்பு அறுந்தது. இத்தகைய அறுபடல் இச்சாலைக்கு முதன்முறை அன்று.

பின்லாந்து, புவியியல் அடிப்படையில் ஸ்காண்டிநேவியாவில் சேர்க்கப்படுவதில்லை. எனினும் இச்சாலையைப் பொறுத்தவரை அப்பிரிப்புக்குப் பொருளில்லை. இது ஸ்டாக்ஹோமில் தொடங்கி ஒலாந்துத் தீவுகள் வழியே கடலைக் கடந்து வரும் பாதையின் கிழக்குப் பகுதியே ஆகும். சுற்றுலா வழிகாட்டிகள் சில, நார்வேயின் பெர்கன் முதல் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பர்க் வரையான வழி முழுவதையும் அரசர் சாலை என்று குறிப்பிடுகின்றன.

பெயர்

அரசர்கள் அடிக்கடி பயணம் செய்ததால் இப்பெயர் வந்தது என்று கருதிவிடக் கூடாது. அரசரின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொது நெடுஞ்சாலை என்பதே இதன் பொருள். சாலையில் மிகுதியாகச் சென்றவர்கள் அரசரின் அலுவலர்கள், தூதர்கள், படைவீரர்கள், வரி ஏற்றிய வண்டிகள் ஆகியோரும், பிற்காலத்தில் அஞ்சல்காரர்களுமே. அரசர் சாலை என்ற பெயர் பெரிதும் பரவியது 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது சுற்றுலாப் பாதையாக அறிமுகப்படுத்தப்பட்ட பின்னரே ஆகும். வரலாற்றாய்வாளர்கள் பெரும் கரையோரச் சாலை என்ற பெயரையே விரும்புகின்றனர்.

வழித்தடம்

துர்க்கு கோட்டை 1280களில் கட்டத் தொடங்கப்பட்டது. வீபுரி கோட்டையை 1293 ஆம் ஆண்டில் சுவீடியத் தளபதி தொர்கெல் குனுத்சன் நிறுவினார். இவ்விரு கோட்டைகளையும் இணைக்கும் தேவையிலிருந்தே சாலை பிறந்தது. இவற்றுக்கு இடையே ராசேபோரி கோட்டை 1370களில் எழுந்தது.

கரையோரச் சாலை என்று பெயர் பெற்றிருந்தாலும், வழியின் பெரும்பகுதியில் கடலைக் காண முடியாது. பின்லாந்தின் தென்கரை விரிகுடாக்களாலும் ஆற்று முகங்களாலும் துண்டுபட்டது. பாலம் கட்டுவது அரிதாக இருந்த காலத்தில், ஒவ்வோர் ஆற்றையும் எளிதில் கடக்கக்கூடிய இடத்தைத் தேடிச் சாலை உள்நாட்டுப் பக்கம் விலகிச் சென்றது. களிமண் வயல்களைத் தவிர்த்து, மணல் மேடுகளின் மீது வளைந்து வளைந்து சென்றதும் இதே காரணத்தாலாகும். இதன் தடத்தை அறிய இன்று சிறந்த துணை, வழியெங்கும் உள்ள இடைக்காலக் கற்கோயில்கள் ஆகும். பெர்னியோ, தெனாலா, போஹ்யா, இங்கோ, சியுந்தியோ, எசுப்போ, சிப்போ, போர்வூ, பியுஹ்த்தா எனத் தேவாலயங்களை வரிசையாக இணைத்தால் ஏறத்தாழப் பழைய சாலை கிடைத்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகளின் எடையால் அமிழ்ந்த நிலம், அவை உருகிய பின் இன்றும் மெல்ல உயர்ந்து வருகிறது. தென்கரையில் இவ்வுயர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆயினும் 600 ஆண்டுகளில் அது கடற்கரையையே தள்ளி வைத்துவிடும். ராசேபோரி கோட்டை கட்டப்பட்டபோது கடல் சூழ்ந்த பாறை மீது நின்றது. இன்று அது புல்வெளியின் நடுவே, ஒரு சிற்றாற்றின் அருகில் நிற்கிறது.

பராமரிப்பும் சத்திரங்களும்

சாலையைப் பேணும் பொறுப்பு அதன் ஓரத்தில் நிலம் வைத்திருந்த உழவர்களுடையது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு அளந்து விடப்பட்டது. பயணிகளுக்கு உணவும் இடமும் மாற்றுக் குதிரையும் அளிக்கும் சுமை தொடக்கத்தில் வழியோரக் குடிமக்கள் மீதே விழுந்தது. அதிகாரிகள் கேட்டபோதெல்லாம் குதிரை தர வேண்டியிருந்ததால் இது பெரும் மனக்குறையாக வளர்ந்தது. 1649 ஆம் ஆண்டில், கிறிஸ்டினா அரசியின் ஆட்சியில், சாலையோரச் சத்திரங்களை ஒழுங்குபடுத்தும் ஆணை வெளியானது. சுவீடிய மைல் என்பது ஏறத்தாழ 10.7 கி.மீ. என்று வரையறுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். குறித்த தொலைவுக்கு ஒரு சத்திரம், குறித்த தொலைவுக்குக் குறித்த கட்டணம் என்று விதி செய்ய முதலில் தொலைவை அளக்கும் அலகு ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

அஞ்சல் வழி

சுவீடனில் 1636 ஆம் ஆண்டில் அரச அஞ்சல் துறை நிறுவப்பட்டது. 1638 ஆம் ஆண்டில் அஞ்சல் வழி பின்லாந்துக்கு நீட்டிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமிலிருந்து கரைவழியாகக் கிரிஸ்லேஹாம்ன் வரை வந்த கடிதங்கள், அங்கிருந்து படகில் ஒலாந்துத் தீவுகளின் மேற்குக் கரையான எக்கெரோவுக்குச் சென்றன. பின் தீவு தீவாகத் தாண்டித் துர்க்குவை அடைந்து, கரையோரச் சாலையில் வீபுரி நோக்கிச் சென்றன.

இந்த அஞ்சலைச் சுமந்தவர்கள் சம்பளம் பெற்ற ஊழியர்கள் அல்லர். வழியோர உழவர்கள் சிலர் அஞ்சல் உழவர்களாக அமர்த்தப்பட்டனர். படைச் சேவையிலிருந்தும் வேறு சில கடமைகளிலிருந்தும் விலக்குப் பெற்று, அதற்கு ஈடாகத் தம் பண்ணையாட்களைக் கொண்டு அஞ்சல் பையை அடுத்த பண்ணைக்குச் சேர்ப்பித்தனர். கொம்பும் ஈட்டியும் ஏந்திய அஞ்சல் ஓட்டக்காரர் ஒரு சுவீடிய மைலை இரண்டு மணி நேரத்தில் கடக்க வேண்டும் என்பது விதி. தாமதித்தவருக்கு எட்டு நாள் சிறை. உணவு நீரும் ரொட்டியும் மட்டும். 10.7 கி.மீ.யை இரண்டு மணியில் கடப்பது கோடையில் கடினமன்று. பனியிலும் இருளிலும் அதே விதி பொருந்தியது என்பதை எண்ணும்போதுதான் அதன் கடுமை விளங்கும்.

இவ்வழியின் மிக ஆபத்தான பகுதி ஒலாந்துக் கடல் ஆகும். திறந்த நீராகவும் இல்லாமல், ஆள் நடக்கும் அளவுக்கு உறையவும் இல்லாமல் கடல் இருக்கும் வாரங்களில், படகைப் பனிக்கட்டி மீது இழுப்பதும் நீர் வந்ததும் அதில் ஏறித் துடுப்பு வலிப்பதுமாகக் கடந்தனர். இப்பணியில் பலர் உயிரிழந்தனர். கடலைக் கடக்கவே இயலாதபோது, அஞ்சல் பொத்னியா வளைகுடாவைச் சுற்றி வடக்கே தோர்னியோ வழியாக அனுப்பப்பட்டது. 1910 ஆம் ஆண்டு வரை இம்முறை நீடித்தது. அதன் நினைவாக 1974 முதல் இவ்வழியில் அஞ்சல் படகுப் போட்டி நடத்தப்பட்டு வருகிறது.

எக்கெரோவில் 1828 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அஞ்சல் மற்றும் சுங்க மாளிகை, ஒரு சிறு மீனவ ஊருக்குச் சற்றும் பொருந்தாத அளவில் பெரியது. ஹெல்சின்கியின் மையப்பகுதியை வடிவமைத்த கார்ல் லுத்விக் எங்கெலின் வரைபடப்படி எழுந்தது அது. அப்போது ஒலாந்து ரஷ்யப் பேரரசின் மேற்கு எல்லை ஆகிவிட்டிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வருபவருக்குப் பேரரசின் வாயில் எத்தகையது என்று காட்டுவதே கட்டடத்தின் நோக்கம்.

நகர்ந்த எல்லைகள்

சாலை இருந்த இடத்திலேயே இருக்க, சுவீடன்-ரஷ்ய எல்லை அதன் மீது மேற்கு நோக்கி நகர்ந்து வந்தது என்பதே இச்சாலையின் வரலாற்றில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஆகும். சாலையோரத்துக் கோட்டை நகரங்கள் பலவற்றின் தோற்றத்துக்கும் இதுவே காரணம்.

1323 ஆம் ஆண்டின் நோத்தேபோரி உடன்படிக்கை வீபுரியைச் சுவீடன் பக்கம் வைத்தது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் சாலை முழுவதும் ஒரே நாட்டுக்குள் இருந்தது. 1710 ஆம் ஆண்டில் ரஷ்யாவின் முதலாம் பீட்டர் வீபுரியைக் கைப்பற்றினார். 1721 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அது ரஷ்யாவுக்கு உரியதாயிற்று. புதிய எல்லை, இன்றைய எல்லைக்கு அருகிலேயே சாலையை வெட்டியது.

வீபுரியை இழந்த சுவீடன், அதற்கு மாற்றாக மேற்கே ஹமினாவில் புதிய கோட்டை நகரை 1720களில் எழுப்பியது. 1743 ஆம் ஆண்டில் ஹமினாவும் கைவிட்டுப் போயிற்று; எல்லை கியுமி ஆற்றின் மேற்குக் கிளைக்கு வந்தது. உடனே இன்னும் மேற்கே 1745 ஆம் ஆண்டில் மற்றொரு எல்லை நகர் நிறுவப்பட்டது. தேகர்பியு என்று தொடங்கிய அந்நகருக்கு 1752 ஆம் ஆண்டில் அரசி லொவீசா உல்ரிகாவின் பெயரால் லோவீசா என்று பெயரிடப்பட்டது. 1748 ஆம் ஆண்டில் ஹெல்சின்கிக்கு எதிரேயுள்ள தீவுகளில் ஸ்வேயபோரி கோட்டை கட்டத் தொடங்கப்பட்டது. இன்று சுவோமென்லின்னா என்று அழைக்கப்படும் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்று. ரஷ்யத் தரப்பும் வாளாவிருக்கவில்லை. 1790களில் தளபதி சுவோரவின் திட்டப்படி, இன்றைய கொட்கா நகர் இருக்கும் இடத்தில் ரோத்சின்சல்மி கோட்டை எழுந்தது.

1743 ஆம் ஆண்டின் எல்லை பியுஹ்த்தா என்னும் ஊராட்சியை இரண்டாகப் பிளந்தது. மேற்குப் பாதிக்குச் சுவீடனின் பியுஹ்த்தா என்று பொருள்படும் ரோத்சின்பியுஹ்த்தா என்ற பெயர் நிலைத்தது. சுவீடன் அங்கிருந்து விலகி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மாறவில்லை.

1808 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் கியுமி ஆற்றைக் கடந்து இச்சாலை வழியே மேற்கு நோக்கிச் சென்றன. லோவீசாவுக்கு முன்னால் கடலில் இருந்த ஸ்வார்த்ஹோல்ம் கோட்டை மார்ச்சிலும், ஸ்வேயபோரி மே மாதத்திலும் சரணடைந்தன. 1809 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் போர்வூவில் பின்லாந்தின் பேரவையைக் கூட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஹமினாவில் கையெழுத்தான உடன்படிக்கையால் பின்லாந்து முழுவதும் சுவீடனிடமிருந்து பிரிந்தது. 1812 ஆம் ஆண்டில் வீபுரிப் பகுதி பின்லாந்துப் பெருங்கோமகவத்துடன் சேர்க்கப்பட்டபோது, சாலை மீண்டும் ஒரே ஆட்சிப்பகுதிக்குள் வந்தது.

1917 ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற பின்லாந்தில் வீபுரியும் இருந்தது. 1940 ஆம் ஆண்டின் மாஸ்கோ உடன்படிக்கையால் அது சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது; 1941 இல் பின்லாந்துப் படை அதனை மீட்டது; 1944 இல் மீண்டும் இழந்தது. அங்கு வாழ்ந்த பின்னியர்கள் ஏனைய பகுதிகளில் குடியேற்றப்பட்டனர்.

அதே 1944 ஆம் ஆண்டில் சாலை மேற்கிலும் அறுபட்டது என்பது அதிகம் அறியப்படாத செய்தி. ஹெல்சின்கிக்கு மேற்கே உள்ள போர்க்கலா பகுதி 50 ஆண்டுக் குத்தகைக்குச் சோவியத் கடற்படைத் தளமாக அளிக்கப்பட்டது. கிர்க்கோனும்மியின் பெரும்பகுதியும் சியுந்தியோ, இங்கோ ஊராட்சிகளின் சில பகுதிகளும் இதில் அடங்கின. மக்கள் சில நாட்களில் வெளியேற வேண்டியிருந்தது. கிர்க்கோனும்மியின் இடைக்காலத் தேவாலயம் படைவீரர்களின் பொழுதுபோக்கு மன்றம் ஆயிற்று. துர்க்கு-ஹெல்சின்கி தொடர்வண்டிகள் பின்னர் அப்பகுதி வழியே அனுமதிக்கப்பட்டபோது, சன்னல்கள் மூடப்பட்ட நிலையிலேயே சென்றன. குத்தகைக் காலம் முடியுமுன்னரே, 1956 சனவரியில் பகுதி திருப்பி அளிக்கப்பட்டது.

ஒரு வாரப் பயணம்

துர்க்கு முதல் எல்லை வரை இன்று விரைவுச் சாலையில் ஒரே நாளில் சென்றுவிடலாம். பழைய தடத்தைப் பின்பற்றி, வழியோர ஊர்களைக் கண்டு செல்லச் சிற்றுந்திலோ மிதிவண்டியிலோ ஒரு வாரம் தேவைப்படும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலம் ஏற்றது. நடுக்கோடையில் ஹெல்சின்கியில் பகற்பொழுது ஏறத்தாழ 19 மணி நேரம் நீடிக்கும். சிறு ஊர்த் தேவாலயங்களும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் கோடையில் மட்டுமே திறந்திருக்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. பழைய தடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கான பழுப்பு நிற வழிகாட்டிப் பலகைகள் காட்டுகின்றன. ஊர்ப்பெயர்கள் பல இடங்களில் இரு மொழிகளில் எழுதப்பட்டுள்ளன. துர்க்குவும் ஒபுவும் ஒரே நகர், போர்வூவும் போர்கோவும் ஒரே நகர் என்பதை அறியாத பயணி வழி தவறக்கூடும்.

முதல் நாள் துர்க்குவுக்கு உரியது. ஔரா ஆற்றின் முகத்தில் கோட்டையும், ஆற்றின் மேற்பகுதியில் 1300 ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட பேராலயமும் உள்ளன. 1812 வரை பின்லாந்தின் தலைமை நகராக இருந்த துர்க்கு, 1827 ஆம் ஆண்டின் பெருந்தீயில் பெரும்பகுதி அழிந்தது. அடுத்த நாள் வழியில் வரும் சாலோ, நோக்கியா கைப்பேசி ஆலைக்காக அறியப்பட்ட நகர். அங்குக் கைப்பேசி உற்பத்தி 2012 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

சாலோவுக்குத் தென்கிழக்கே சாலை இரும்பாலைகளின் நிலத்தில் நுழைகிறது. 17 ஆம் நூற்றாண்டில் சுவீடனிலிருந்து கப்பலில் வந்த இரும்புத் தாதுவை உருக்க, இங்குள்ள அருவிகளும் காடுகளும் பயன்பட்டன. காடு கரி தந்தது. அருவி உலைத் துருத்தியையும் சம்மட்டியையும் இயக்கியது. 1649 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிஸ்கார்ஸ் ஆலையின் பெயர், 1967 முதல் விற்பனையாகும் ஆரஞ்சு நிறக் கைப்பிடி கொண்ட கத்தரிக்கோலால் உலகெங்கும் தெரியும். ஆலை ஊரில் இன்று கைவினைஞர்களும் வடிவமைப்பாளர்களும் வாழ்கின்றனர். அண்மையிலுள்ள ராசேபோரி கோட்டை இடிபாடுகளுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.

நான்காம் நாள் இங்கோவில் நின்றே செல்ல வேண்டும். புனித நிக்கலசு தேவாலயத்தின் சுவரில் மரண நடனம் தீட்டப்பட்டுள்ளது. எலும்புக்கூடுகள் எல்லா நிலை மாந்தரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் இவ்வகை ஓவியம் பின்லாந்தில் வேறெங்கும் இல்லை. அதன் பின் முன்னாள் போர்க்கலாத் தளப்பகுதியைக் கடந்து எசுப்போவை அடையலாம். அங்கு ஒரு தெரு இன்றும் குனிங்காந்தியே என்ற பெயரைத் தாங்கியுள்ளது. பழைய சாலை இன்றைய ஹெல்சின்கி நகர் மையத்தைத் தொடுவதில்லை. சாலை உருவான காலத்தில் அந்நகரே இல்லை. குஸ்தாவ் வாசா 1550 ஆம் ஆண்டில், போர்வூ முதலிய ஊர்களின் வணிகரை இடம்பெயரச் செய்து ஹெல்சின்கியை நிறுவினார். சாலை அதற்கு வடக்கே, வந்தாவில் உள்ள புனித இலாரன்சு தேவாலயத்தின் அருகே செல்கிறது.

ஐந்தாம் நாள் சேரும் போர்வூ, வழியில் மிகுதியான பயணிகளை ஈர்க்கும் ஊர். ஆற்றோரச் செந்நிறப் பண்டகசாலைகளும் மரவீடுகளும் 1760 ஆம் ஆண்டின் தீக்குப் பின் பழைய தெருவமைப்பிலேயே எழுந்தவை. 1809 பேரவை தொடங்கிய பேராலயத்தின் கூரை 2006 மே மாதத்தில் தீவைப்பால் எரிந்தது. உட்புறக் கல்விதானம் தாங்கி நின்றதால் உள்ளிருந்தவை தப்பின. 2008 ஆம் ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

போர்வூவுக்குக் கிழக்கே பயணிகள் குறைகின்றனர்; ஆனால் எல்லை நகர்ந்த வரலாறு கண்ணுக்குத் தெரிவது இங்குதான். லோவீசா, ரோத்சின்பியுஹ்த்தாவின் 1695 ஆம் ஆண்டு இரும்பாலை ஊர், முன்னாள் எல்லையான அஹ்வென்கோஸ்கி ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கொட்கா அருகே கியுமி ஆற்றின் லாங்கின்கோஸ்கி அருவியோரம், மூன்றாம் அலெக்சாந்தர் மீன்பிடிக்கத் தங்குவதற்காக 1889 இல் கட்டி முடிக்கப்பட்ட மரவீடு உள்ளது. பேரரசரின் இருப்பிடம் என்று நம்ப இயலாத அளவு எளியது அது. கொட்காவின் கடற்பரப்பில்தான் 1790 ஜூலையில் சுவீடன் ரஷ்யாவை வென்ற ஸ்வென்ஸ்க்சுந்த் போர் நிகழ்ந்தது. பால்டிக் கடலில் நடந்த மிகப் பெரிய கடற்போர்களுள் அது ஒன்று.

ஹமினாவை மேலிருந்து நோக்கினால் வண்டிச் சக்கரம் போலத் தோன்றும். நடுவே நகர மன்றம். அதிலிருந்து எட்டுத் திசைகளில் ஆரங்களாகத் தெருக்கள். அவற்றை இணைக்கும் வட்டத் தெருக்கள். சுற்றிலும் விண்மீன் வடிவக் கொத்தளங்கள். இந்நகரில் 1783 ஆம் ஆண்டில் சுவீடனின் மூன்றாம் குஸ்தாவும் ரஷ்யாவின் இரண்டாம் கத்தரீனும் சந்தித்தனர். ஐந்து ஆண்டுகளில் இருவருக்கும் இடையே போர் மூண்டது.

எல்லையில்

கடைசி நாள் வழி விரோலஹ்தியில் முடிகிறது. இங்குள்ள பியுதெர்லஹ்தி கற்குழியிலிருந்து வெட்டிய ஒரே செந்நிறக் கருங்கல்லே, சென் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைச் சதுக்கத்தில் நிற்கும் அலெக்சாந்தர் தூண் ஆகும். 25 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 600 டன் எடையும் உள்ள அத்தூண், கடல்வழியே கொண்டு செல்லப்பட்டு 1832 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதே ஊராட்சியில், 1940 முதல் சோவியத் படையெடுப்பைத் தடுக்க அமைக்கப்பட்ட சல்பா அரண்வரிசையின் பதுங்கறைகளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

அப்பால் வாலிமா எல்லைச் சாவடி. விரைவுச் சாலை 2018 ஆம் ஆண்டில் இதுவரை நீட்டிக்கப்பட்டது. 2023 நவம்பரில் சாவடி மூடப்பட்டது. ரஷ்யா உரிய ஆவணமற்றோரைத் திட்டமிட்டு எல்லைக்கு அனுப்புகிறது என்பது பின்லாந்து அரசு கூறிய காரணம். அம்மாத இறுதிக்குள் ஏனைய சாலைவழிச் சாவடிகளும் மூடப்பட்டன. 2024 ஏப்ரலில் இம்மூடல் மறு அறிவிப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன்னர்ப் பயணிகள் நுழைவிசைவு பெற்று வீபுரி வரை சென்று, தொர்கெல் குனுத்சனின் கோட்டைக் கோபுரத்தில் பயணத்தை முடித்தனர். வாலிமாவிலிருந்து அக்கோட்டை ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது.